அபராதத்திற்கு முன் தடுப்பூசி: செங்கல்பட்டுக் கடற்கரை ஜமாஅத்துகளின் கவனத்திற்கு

தெருநாய் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத்து நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாட்களில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் ஆக்ரோஷமானவையும் மட்டும் விலக்கு என்றது. பின்னர் நவம்பர் 7 அன்று பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்ற நாடு முழுவதற்கும் உத்தரவு வந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு பக்கம் நாய் நேசர்கள், மறுபக்கம் கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர். இந்தக் கூச்சலில் ஒருவரை மட்டும் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவர் வீட்டில் பிராணி வளர்ப்பவர்.

தெருநாய் வானத்திலிருந்து விழுவதில்லை. கருத்தடை செய்யாமல் இரவில் அவிழ்த்து விடப்படும் வீட்டு நாய், பெட்டைக்குட்டி என்பதால் சாக்கில் கட்டிக் குப்பைமேட்டில் விடப்படும் குட்டி, வீடு மாறும்போது பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்கும் நாய் என்று அதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. தமிழகத்தில் 2024 ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4.80 லட்சம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள், 43 பேர் ரேபிஸ் நோயால் இறந்தார்கள் என்கிறது அரசின் கணக்கு. அறிகுறி தெரிந்த பிறகு ஏறத்தாழ யாரும் பிழைக்காத நோய் இது. கடித்தவுடன் ஊசி போட்டிருந்தால் ஏறத்தாழ யாருமே இறக்கத் தேவையில்லாத நோயும் இதுதான்.

சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. உரிமக் கட்டணம் ரூ.50, இல்லாவிட்டால் அபராதம் ரூ.5,000. நவம்பர் கெடு டிசம்பருக்கு நீட்டிக்கப்பட்டது. இதில் நாம் குறை காணவில்லை. ஏனென்றால் மாநகராட்சி மிரட்டலோடு நிற்கவில்லை. தன் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் முகாம் போட்டு, தடுப்பூசியையும் மைக்ரோசிப்பையும் இலவசமாகக் கொடுத்தது.

ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த மாநகராட்சியின் எல்லை உத்தண்டியோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே கானத்தூர், முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் என்று நீளும் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் பெரும்பாலும் ஊராட்சிகள்தான். 2023 ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடைப் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளின் தலையில் வைத்திருக்கின்றன. குப்பை வண்டிக்கே தடுமாறும் ஊராட்சி, அறுவை அரங்குக்கும் கூண்டுக்கும் மருத்துவருக்கும் எங்கே போகும்? எல்லைக்கு வடக்கே கண்டிப்பும், தெற்கே எதுவுமே இல்லாத நிலையும் நீடித்தால், அபராதத்துக்குப் பயந்தவன் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு எந்தத் திசையில் வருவான் என்று யோசிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இந்தக் கடற்கரைக்கு நாய் வேறு விதத்திலும் சுமை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மணல் இது. மோப்பம் பிடித்த நாய்கள் குழியைத் தோண்டி முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. ஆமைப் பாதுகாப்புத் தொண்டர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"நாம்தான் நாய் வளர்ப்பதில்லையே, ஹஜ்ரத்?" என்ற கேள்வி வரும். அது பாதிதான் உண்மை. முதலில், நம் வீடுகளில் பூனை இருக்கிறது. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் எலிகள் சூழ, கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. நம் தெருப் பூனைகளையும் நாம் அப்படித்தான் சாதுவாக நினைத்துவிடுகிறோம். இப்போது பெர்ஷியன் பூனை மோகம் வேறு. வெறிநாயிடம் கடிபட்ட பூனைக்கும் ரேபிஸ் வரும், அதன் கடியாலும் கீறலாலும் மனிதருக்கும் தொற்றும். பூனைக்கும் மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுக்கொரு முறை ஊசி என்பது எத்தனை வீடுகளில் தெரியும்?

பூனை அசுத்தமல்ல, உங்களைச் சுற்றி வருவது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவிடாமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்ட ஹதீஸையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் அதிலிருந்து கிளம்பும் சட்டத்தை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறோம். ஒரு உயிரை உன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த நிமிடமே அதன் தேவை உன் கடமையாகிறது. அன்று அது தீனியும் தண்ணீரும். இன்று அதில் தடுப்பூசியும் சேரும் என்பது நமது கருத்து.

நாய் விஷயத்திலும் மார்க்கம் பலர் நினைப்பதுபோல் ஒற்றை வரியில் முடிவதல்ல. வேட்டை, கால்நடை, வேளாண்மை ஆகியவற்றுக்காக நாய் வைத்திருக்க ஹதீஸிலேயே அனுமதி உண்டு. அவற்றோடு ஒப்பிட்டு வீட்டுக் காவலையும் அனுமதித்த அறிஞர்கள் ஷாஃபி மத்ஹபிலும் உள்ளனர். நாயே அசுத்தமல்ல என்பது மாலிகி மத்ஹபின் நிலை. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் கடலோரத்தார் மாலிகி ஆக வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. தொட்டால் கழுவ வேண்டும் என்ற சட்டம், கல்லால் அடிக்கலாம் என்ற சட்டமாக மாறியது எங்கே என்றுதான் கேட்கிறோம். தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதும் அதே ஹதீஸ் நூல்களில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கொண்டு கழுவுவது தூய்மைச் சட்டம். அது கடிபட்ட காயத்துக்கான மருத்துவம் அல்ல. காயத்தில் மண், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். ஊசி இலவசம். ஆழமான காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும், அதற்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடம் நல்லது. ஓதிப் பார்ப்பவர் ஓதட்டும், ஊசி போட்ட பிறகு.

இரண்டாவது, இறைச்சிக் கழிவு. குர்பானி நாட்களிலும் சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளிலும் குடலும் தோலும் காலி மனையில் வீசப்படும் இடத்தில் நாய்க்கூட்டம் சேரும். சேர்ந்த கூட்டம் மதரஸாவுக்குப் போகும் பிள்ளையைத்தான் முதலில் துரத்தும்.

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 100 ஏக்கரில், 2012 இல் ரூ.594 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் நிற்கிறது. அங்கே தயாரிக்கத் திட்டமிட்ட மருந்துகளின் பட்டியலில் மனிதர்களுக்கான ரேபிஸ் தடுப்பூசியும் ஒன்று. 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் பார்வையிட்டு, மாநிலத்திடம் ஒப்படைக்கும்படி மத்திய அரசைக் கேட்டபோதுகூட உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை. நாய்க்கடி பற்றி மணிக்கணக்கில் பேசும் கட்சிகள் இதைப் பேசாதது ஏனென்று தெரியவில்லை.

கோவா வேறு வழியில் போனது. 2014 முதல் அங்கே மிஷன் ரேபிஸ் அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து வீடு வீடாக, தெருத் தெருவாகப் போய் நாய்களுக்கு ஊசி போட்டன. பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்று பாடம் எடுத்தன. பத்தில் ஏழு நாய்க்குத் தடுப்பூசி என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இலக்கு. 2018 முதல் அடுத்த சில ஆண்டுகள் அங்கே ரேபிஸ் மனிதச் சாவு பதிவாகவில்லை. 2021 இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக மாநிலம் அறிவிக்கப்பட்டது. அங்கே மருத்துவர்தான் நாயைத் தேடிப் போனார்.

நம் பகுதியில் அப்படித் தேடிப் போக வேண்டிய வீடுகள் எவை? மீனவர் குப்பத்தில் வலைக்குக் காவல் நாய், இருளர் குடிசையில் பாம்புக்கும் திருடனுக்கும் காவல் நாய், ஆடு வளர்க்கும் நம் பாயின் பட்டிக்குக் காவல் நாய். தனியார் மருத்துவரிடம் போனால் ஊசிக்கும் ஆட்டோவுக்குமாகச் சில நூறு ரூபாய், ஒரு நாள் கூலி. இவர்களிடம் போய் ரூ.5,000 அபராதம் என்று சொன்னால் நாய் மறுநாள் தெருவில் நிற்கும்.

பள்ளிவாசல் வளாகத்துக்குள் நாயைக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதற்கு எதிரே ஒரு மைதானமோ, பள்ளிக்கூடத் திடலோ போதும். ஜும்ஆவில் ஒரு அறிவிப்பு, பெண்கள் மதரஸாவில் பூனைக்கூடை பற்றி ஒரு அறிவிப்பு, குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் ஒரு பேச்சு. மருந்துக்கும் மருத்துவருக்கும் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறையிடம் ஜமாஅத் லெட்டர்பேடில் ஒரு மனு. பந்தல், மேசை, ஐஸ் பெட்டி, தேநீர் நம் செலவு. ரேபிஸ் தினமான செப்டம்பர் 28 வரை காத்திருக்க வேண்டியதில்லை. குர்பானிக் கழிவைக் கொட்ட இடமும் வண்டியும் கேட்டு ஊராட்சிக்கு எழுதும் மனுவையும் அதோடு சேர்த்தே கொடுத்துவிடலாம்.