கம்பம் திராட்சையும் நாசிக் ஒயினும்

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையை எட்டுவதற்குச் சற்று முன்னால் வருகிறது தண்டலம். மாலையில் தொழிற்சாலைகளின் பணிமுறை மாறும் வேளையில், இங்கே சாலையோரம் நிற்கும் சிறு சரக்கு வண்டிகளில் இருவகைக் கருந்திராட்சையைக் காண்கிறேன். ஒன்று, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சை. மற்றொன்று, கர்நாடகத்திலிருந்து வரும் பெங்களூர் நீலத் திராட்சை. இரண்டிலும் விதை உண்டு. இரண்டும் நெடுநாள் தாங்காதவை. ஆகவே இருட்டிய பிறகு விலை இறங்கும். சீருடையுடன் பேருந்துக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் அந்நேரத்தில்தான் வாங்குகிறார்கள்.

கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் தங்கும் நட்சத்திர விடுதிகளும் இதே தொழில் வழித்தடத்தில்தான் உள்ளன. அங்கே கிடைக்கும் இந்திய ஒயின் பெரும்பாலும் நாசிக்கிலிருந்தோ நந்தி மலை அடிவாரத்திலிருந்தோ வருகிறது. ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடையாகும் பள்ளத்தாக்கு ஒன்று தமிழகத்தில் இருக்க, ஒயினுக்கு ஒரு தமிழகப் பாணி ஏன் உருவாகவில்லை? மண்ணும் வெயிலும் ஒத்துவரவில்லை என்பதே வழக்கமான பதில். அது பாதி உண்மைகூட அல்ல என்பது என் கருத்து.

நாசிக்கையே எடுத்துக்கொள்வோம். 1990-கள் வரை அது விதையற்ற உணவுத் திராட்சைக்கே பெயர் பெற்றிருந்தது. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ராஜீவ் சாமந்த், கலிஃபோர்னிய ஒயின் வல்லுநர் கெரி டாம்ஸ்கியின் துணையுடன் அங்கே சோவிஞான் பிளாங், ஷெனன் பிளாங் ஆகிய வெள்ளைத் திராட்சை வகைகளை நட்டார். அவர்களது சுலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000-இல் சந்தைக்கு வந்தது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடி, நாசிக்கின் வெப்பத்தில் உறங்குவதில்லை. உறங்காத கொடியை வழிக்குக் கொண்டுவருவது கவாத்துக் கத்திரிதான். அறுவடை முடிந்த பிறகு ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, அது கிளைக்காக. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் மற்றொரு கவாத்து, அது காய்ப்புக்காக. மொட்டுகள் சீராக விழிக்கும்பொருட்டு ஹைட்ரஜன் சயனமைடு என்னும் வேதிப்பொருளையும் தடவுகிறார்கள். இவ்வாறு பழம் முதிரும் காலம், வறண்ட பகலும் குளிர்ந்த இரவும் கொண்ட ஜனவரி முதல் மார்ச் வரையிலான வாரங்களுக்குள் தள்ளப்படுகிறது.

அந்த வாரங்கள் நீண்டவை அல்ல. பிப்ரவரிக்குப் பிறகு வெயில் ஏறியதும் பழத்தில் சர்க்கரை விரைந்து கூடும். புளிப்பு அதே வேகத்தில் குறையும். புளிப்பிழந்த சாற்றில் நல்ல வெள்ளை ஒயின் பிறக்காது. ஆகவே பழத்தை முன்கூட்டியே, விடியலின் குளிர்ச்சியிலேயே வெட்டி, உடனே குளிர்வித்து, எஃகுத் தொட்டிகளில் குறைந்த வெப்பநிலையில் நொதிக்கவிடுகிறார்கள். இளமையிலேயே அருந்த வேண்டிய, மெல்லிய, புளிப்புத் துலங்கும், பழமணம் கொண்ட ஒயின் இதிலிருந்து கிடைக்கிறது. இன்று உலகச் சந்தையில் இந்திய வெள்ளை ஒயின் என்றால் பெரிதும் இந்தச் சுவைதான். மண் தந்த சுவை என்பதைவிட, கத்திரியும் குளிரூட்டும் இயந்திரமும் தந்த சுவை என்று இதைச் சொல்வதே பொருத்தம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மகாராஷ்டிரத்தில் உப்பு நீரையும் வறட்சியையும் தாங்குவதற்காக உணவுத் திராட்சைக்கென்று பரவிய டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடி, ஒயின் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. அது கொடியை அளவுக்கு மீறித் தழைக்கச் செய்வதோடு, பொட்டாசியத்தை மிகுதியாக உறிஞ்சி, ஒயினின் புளிப்பை மேலும் மழுங்கடித்தது. வேறொரு சந்தைக்காக எடுத்த முடிவை ஒயின் ஆலைகள் பின்னர் தொட்டியில் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் தொடங்கிய தோட்டம் வேறு பாதையில் சென்றது. 1990-களில் அங்கே ஆலோசகராக வந்தவர் போர்தோவைச் சேர்ந்த மிஷேல் ரோலான். அதனால் கேபர்னே, ஷிராஸ் திராட்சைகளும் ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்த சிவப்பு ஒயினும் அத்தோட்டத்தின் அடையாளமாயின. கோவாவிலோ, தண்டலத்துச் சாலையோரம் நாம் உண்ணும் அதே பெங்களூர் நீலத் திராட்சையிலிருந்து இனிப்பான 'போர்ட்' தயாராகிறது. ஒரே நாட்டில், யார் கற்றுக்கொடுத்தார்கள், யார் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே மூன்று பாணிகள் உருவாகியுள்ளன.

பன்னீர் திராட்சை உணவுத் திராட்சை, அதில் என்ன ஒயின் வரும் என்று கேட்போருக்கு ஒரு செய்தி. பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். சீனத்தின் தியான்ஜின் நகரில், பிரான்ஸின் ரெமி மார்ட்டின் நிறுவனத்துடன் கூட்டாக 1980-இல் தொடங்கப்பட்ட டைனஸ்டி ஆலை, இதே கருந்திராட்சையைக் கொண்டுதான் வெள்ளை ஒயின் செய்து பெயர் பெற்றது. தோலின் நிறம் சாற்றில் இறங்கும் முன்பே பிழிந்து பிரித்துவிட்டால் மணம் மட்டும் எஞ்சும். பிரேசிலின் சான் பிரான்சிஸ்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கு, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய கம்பம் வடக்கே இருக்கும் தொலைவில்தான் அமைந்துள்ளது. ஆற்று நீர்ப் பாசனத்தில் ஆண்டுக்கு இருமுறை அறுவடை செய்யும் அப்பகுதி, மஸ்கட் இனத் திராட்சையிலிருந்து இனிப்பான நுரை ஒயினைத் தருகிறது. பிரான்ஸைப் போல ஆக முயலாமல், தன்னிடம் உள்ளதற்கு ஏற்ற பாணியை அது தேடிக்கொண்டது.

கம்பத்திலும் அதே திராட்சை இருக்கிறது. முல்லைப் பெரியாற்றின் நீர் இருக்கிறது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இத்திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் கம்பத்துப் பந்தல்கள் எடைக்காக வளர்க்கப்படுபவை. வியாபாரி கிலோவுக்கு விலை பேசுகிறார். ஆகவே நீர் தாராளமாகப் பாய்கிறது, குலைகள் நிறையத் தொங்குகின்றன, நிறம் ஏறியதும் வெட்டு நடக்கிறது. ஒயினுக்கு இவை அனைத்தையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். குலைகளைக் குறைக்க வேண்டும், நீரைச் சுருக்க வேண்டும், சர்க்கரையும் புளிப்பும் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். விளைச்சல் குறையும். அந்த இழப்பை ஈடுசெய்யும் விலையைத் தருபவர் இல்லாதபோது, எந்த விவசாயி கத்திரியை வேறு விதமாகப் பிடிப்பார்? மெல்லிய தோல் கொண்ட இப்பழம் எதிர்பாராத மழையில் வெடித்துவிட்டால், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னைச் சந்தைக்கு அனுப்பவும் முடியாது. அந்த நாள்களில் விலையைத் தீர்மானிப்பவர் விவசாயி அல்லர்.

மகாராஷ்டிரம் 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. கர்நாடகம் 2007-இல் அவ்வழியில் வந்தது. வரிச் சலுகையும் ஒயின் பூங்காக்களும் வந்த பிறகே நாசிக் விவசாயிக்குச் சர்க்கரை அளவைப் பார்த்து விலை தரும் ஆலைகள் கிடைத்தன. இத்தகைய கொள்கை தமிழகத்துக்குப் புதிதன்று. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது இங்கே கார் செய்வதற்கேற்ற மண் இருந்ததால் அல்ல. நிலம், வரிச் சலுகை, சாலை, துறைமுகம் என்று அரசு ஒரு சூழலை அமைத்துக் கொடுத்தது. நானிருக்கும் தண்டலத்தின் இன்றைய முகம் அதன் விளைவு. திராட்சைக்கு அத்தகைய சூழல் அமையாததற்குக் காரணம், 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம் இருப்பது. தோட்டத்திலேயே ஒயின் செய்து, வந்தவருக்குச் சுவைக்கக் கொடுத்து விற்கும் சிற்றாலை அந்த ஏற்பாட்டுக்குள் எளிதில் பொருந்துவதில்லை.

இதைச் சொல்லும்போது எழும் எதிர்ப்பை நான் புறந்தள்ளவில்லை. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே கூறியிருக்கிறது. குடியால் குலைந்த குடும்பங்களை இதே தண்டலத்தில் அறிவேன். ஒயின் என்றால் மென்மையானது, நாகரிகமானது என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய கடைகளிலும் ஒயின் விற்கலாம் என்று மகாராஷ்டிர அமைச்சரவை 2022-இல் எடுத்த முடிவைப் போன்ற ஒன்று இங்கே வேண்டாம் என்பதே என் நிலை. ஆனால் கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடிக்கும் சாராயத்தைக் கொண்டு கருவூலத்தை நிரப்பும் மாநிலம், திராட்சை விவசாயியிடம் மட்டும் மதுவின் தீமையைப் பேசுவது நேர்மையாகாது.

காலமும் காத்திருக்கவில்லை. ஆஸ்திரேலியாவுடன் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தம், புட்டிக்கு 5 டாலருக்கு மேல் விலையுள்ள ஒயின் மீதான 150% இறக்குமதி வரியை உடனே 100% ஆக்கியது. பத்தாண்டுகளில் அது 50% ஆகும். 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு இறுதியில் 25% மட்டுமே. உயர்ந்த வரியின் நிழலில் வளர்ந்த நாசிக் இனி அதன் பாணியின் வலுவில்தான் நிற்க வேண்டும். கம்பமோ இன்னும் களத்துக்கே வரவில்லை.

மதுக் கொள்கையைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சில ஏக்கரில் குலை குறைத்து, நீர் குறைத்து வளர்த்த பன்னீர் திராட்சையின் சர்க்கரையையும் புளிப்பையும் பருவந்தோறும் அளந்து, எந்தக் கவாத்து எந்தப் பழத்தைத் தருகிறது என்பதை ஊரறிய வெளியிடலாம். அரசே பழச்சாறு ஆலைக்காகக் கொள்முதல் செய்யும் நாள் வந்தால், எடையோடு சர்க்கரை அளவுக்கும் விலை வைக்கலாம். பழச்சாறு ஆலைக்கும் அந்தக் கணக்கு தேவை. நாளை ஒயின் ஆலை வருமானால் அதற்கும் தேவைப்படப்போவது அதே கணக்குதான்.