இலையை வெட்டி எடுத்த படத்துக்கு என் லைக் கிடையாது



நேற்று நம் பிள்ளைகளில் ஒருவன் தையல்சிட்டுக் கூட்டின் படம் போட்டிருந்தான். மூன்று குஞ்சுகள், வாயைத் திறந்தபடி. "அருமை", "சூப்பர் அண்ணா" என்று கீழே வரிசையாகப் பாராட்டு. என் வீட்டம்மாகூட ஹார்ட் போட்டிருந்தார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டை மறைத்திருந்த இலைகளைக் காம்போடு வெட்டிய தடம் தெரிந்தது. போன் போட்டுக் கேட்டேன். "மறைச்சுது சார், ரெண்டு இலைதான்" என்றான்.

பெயர் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அது வேட்டை. கோபத்தில் வந்த வார்த்தை இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும்.

தையல்சிட்டின் எடை பத்து கிராம்கூட வராது. இலை விளிம்பில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்துத் தைப்பது எதற்கு? யார் கண்ணிலும் படாமல் குஞ்சை வளர்க்கத்தான். நீ வெட்டிய இரண்டு இலைதான் அதற்குக் கூரையும் கதவும். இனி வெயில் நேராகக் குஞ்சின் மேல் விழும். காக்கைக்கும் செம்போத்துக்கும் வழி தெரியும்.

இன்னும் சிலர் போனில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டு வரவழைக்கிறார்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அது பதறி வந்து கத்துகிறது. அதற்குப் பெயர் 'போஸ்' என்கிறீர்கள்.

"பறவைக்கு ஒண்ணும் ஆகலையே சார்?" இந்தப் பேச்சு நம் ஊருக்குப் புதிதல்ல. தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றில் கலந்தபோதும் கேட்டதுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? கெடுதல் முழுசாக நிரூபணமாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கெடுதல் இல்லை என்று காட்ட வேண்டியது செய்கிறவன் பொறுப்பு. நம் ஆற்றுக்காகப் பிறந்த நியாயம் நம் வேலியோரக் குருவிக்கும் பொருந்தும்.

கேமராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஷூ கம்பெனியில் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்கோ அமிர்திக்கோ கேமராவோடு போகிறவனை எனக்குப் பிடிக்கும். ஆனால் காத்திருக்கக் கற்றுக்கொள். பூத்த முருங்கைக்குக் கொஞ்சம் தள்ளி, மங்கிய நிறச் சட்டையில், அசையாமல் உட்கார். தேன்சிட்டு தானாக வரும். வராவிட்டால் அடுத்த ஞாயிறு இருக்கிறது. கூட்டைக் கண்டால் கேமராவைத் தூக்காமல் திரும்பி வந்துவிடு. இடத்தையும் யாருக்கும் எழுதாதே.

இன்று காலை அந்தப் பையன் படத்தை நீக்கிவிட்டான். "குஞ்சு இருக்கான்னு போய்ப் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டான். தூரத்திலிருந்து பார் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.

உங்களிடமும் அப்படிப் படம் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

உங்கள் பழைய விலங்கியல் வாத்தியார்