ஜாப் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள்

புது காரை ஒரே கோளாறுக்காக மறுபடி மறுபடி சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு ஊரே சொல்லும் ஆறுதல், "வாரண்டிதான் இருக்கே, எதுக்குக் கவலைப்படறீங்க?" என்பது. அந்த வாரண்டியை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். பழுதான பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றுவோம் என்றுதான் இருக்கும். காரையே மாற்றித் தருவோம் என்று யாரும் எழுதித் தருவதில்லை. 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசகத்தைத்தான் பிடித்துக்கொண்டது. வாரண்டி பாகத்தைப் பற்றித்தான் பேசுகிறது, ஆகவே முழு வண்டியையும் மாற்றச் சொன்ன உத்தரவு நிற்காது என்றது. அதாவது ஒவ்வொரு முறை ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டும்போதும் கம்பெனி தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டதாகக் கணக்கு. நீங்கள் எத்தனை முறை போனீர்கள் என்று சட்டம் எண்ணுவதில்லை.

அமெரிக்காவில் எண்ணுகிறார்கள். கனெக்டிகட் மாநிலம் 1982-இல் முதன்முதலாக இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. லெமன் சட்டம் என்று பெயர். குறிப்பிட்ட காலத்துக்குள் அதே கோளாறுக்கு நான்கு முறை பழுது பார்த்தும் தீரவில்லை, அல்லது வண்டி மொத்தம் 30 நாள் பட்டறையிலேயே கிடந்தது என்றால், கார் தேறாது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். அங்கே 1975-ஆம் ஆண்டின் மத்திய வாரண்டிச் சட்டப்படி, ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் கம்பெனி தலையில் கட்ட வழியுண்டு. நம்மிடம் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதில் இந்த நான்கு முறைக் கணக்கு கிடையாது. கணக்கை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் காகிதத்தில்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் ஆட்டோமேட்டிக் கார், மேம்பாலம் ஏறும்போது திடீரென்று குலுங்கி இழுக்காமல் நின்றுவிடும். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக் காதைக் கிழிப்பார். சர்வீஸ் சென்டரின் கண்ணாடி அறையில் ஏசியும் இலவசக் காபியும் குறைவில்லாமல் கிடைக்கும். "ஓட்டிப் பார்த்துட்டோம் சார், ஒண்ணும் தெரியலை. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருக்கோம்" என்று சாவியைக் கொடுத்துவிடுவார்கள். மறுபடியும் மேம்பாலம், மறுபடியும் ஹாரன். பொறுமை இழந்து வக்கீலிடம் போனபோது, அவர் முதலில் கேட்டது, ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் கார்டுகளை. சில தொலைந்திருந்தன. மிச்சமிருந்தவற்றில் பெரும்பாலும் "பொதுச் சோதனை" என்று மட்டுமே இருந்தது. "நீங்க கோளாறோட போனதுக்கு இதுல சாட்சியே இல்லையே சார்" என்றார் வக்கீல்.

ஆகவே சட்ட உதவி வக்கீல் ஆபீஸில் தொடங்குவதில்லை, சர்வீஸ் அட்வைசரின் மேஜையில் தொடங்குகிறது. அவர் கம்ப்யூட்டரில் தட்டும்போது பக்கத்தில் நின்று, "முதல் கியரில் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடுகிறது" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டர் எவ்வளவு, உள்ளே விட்ட தேதி, வெளியே எடுத்த தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது, திருப்தி என்று கையெழுத்துக் கேட்பார்கள். கோளாறு தீராவிட்டால் "தீரவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அன்று ராத்திரியே டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். போனில் போட்ட சண்டை எதுவும் கோர்ட்டில் நிற்காது.

வழக்குப் போட வக்கீல் கட்டாயமில்லை. காருக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 2019 சட்டத்துக்குப் பிறகு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 400 ரூபாய். கால் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவரும் சுயதொழில் என்ற வகையில் நுகர்வோர்தான். இருந்தாலும் கார் விஷயத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது என்றே நான் சொல்வேன். காரணம், வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் தொங்குகிறது: இது உற்பத்திக் குறைபாடா, இல்லையா? மெக்கானிக் எழுதிக் கொடுக்கும் கடிதத்தை எதிர்த்தரப்பு ஊதித் தள்ளிவிடும். சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி ஆணையமே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முறையாக மனுப் போட்டு, இரு தரப்பும் இருக்கையில் வண்டியைச் சோதிக்கவைப்பது பழகிய கையால்தான் முடியும்.

இன்னொரு விஷயம். டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போடுங்கள். டாடா மோட்டார்ஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், டீலர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்றது. ஒருவரை விட்டால் இன்னொருவர் அவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஜெயிக்கவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் 2017-இல் நடந்த விபத்தில், ஒரு ஹூண்டாய் கிரெட்டாவின் ஏர்பேக் விரியவில்லை. மோதிய வேகம் போதாது என்ற ரீதியில் கம்பெனி வாதாடியது. கார் வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருந்து மோதலின் விசையைக் கணக்குப் போட வேண்டியதில்லை என்று சொல்லி, காரை மாற்றித் தரும் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதிசெய்தது. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது!

சட்டம் கம்பெனிக்குத் தராத அவசரத்தை உங்களுக்குத் தருகிறது. வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். "பாகம் அடுத்த மாசம் வந்துடும் சார்" என்ற பேச்சை நம்பி அதைக் கரைக்காதீர்கள். கோபத்தில் இஎம்ஐ கட்டுவதையும் நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்த வங்கிக்கு உங்கள் கியர்பாக்ஸைப் பற்றிக் கவலையில்லை.

மனுவில் என்ன கேட்கிறோம் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். கார் விலையைத் திருப்பிக் கொடு என்று மட்டும் எழுதினால், ஆயுட்கால வரி உங்கள் கையைவிட்டுப் போய்விடும். அது சின்னத் தொகையல்ல. ஃபியட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், சுதந்திரமான நிபுணர் உற்பத்திக் குறைபாடு என்று சொன்னால் காரின் விலையோடு ஆயுட்கால வரியையும் 12 சதவீத வட்டியுடன் தர வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை வக்கீலிடம் சொல்லி, விலை, வரி, காப்பீடு, வட்டி, செலவு என்று ஒவ்வொன்றாக மனுவில் எழுதவையுங்கள். சமரசத்துக்கு வந்து, கூடுதலாக ஓர் ஆண்டு வாரண்டி தருகிறோம் என்று கம்பெனி சொன்னால், அதே பட்டியலை மேஜையில் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். என் நண்பர் இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.