மூணு மாச நோட்டீஸும் ஏழரை வருஷச் சனியும்

சனிக்கிழமை காலையில் பல்லாவரத்திலிருந்து பொழிச்சலூர் போகிற ஷேர் ஆட்டோவில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே ஒரு பரிகாரம். எல்லாம் அகஸ்தீஸ்வரர் கோயில் கூட்டம். 'வட திருநள்ளாறு' என்று பெயர் வாங்கிய கோயில். எள் விளக்கு ஏற்றும் வரிசையில் தாத்தா பாட்டிகளுக்கு நடுவே முதுகில் லேப்டாப் பையோடு பொட்டி தட்டும் பிள்ளைகளும் நிற்கிறார்கள். ஒருத்தனுக்கு அப்ரைசலில் அடி. ஒருத்திக்கு ஆறு வாரமாகப் பெஞ்ச். இன்னொருவன் கையில் புது ஆஃபர் இருக்கிறது, பழைய கம்பெனி விடமாட்டேன் என்கிறது.

ஊரையெல்லாம் பிடித்து ஆட்டியதால் சேர்ந்த பாவத்தைப் போக்கிக்கொள்ள சனி பகவானே இங்கே வந்து சிவனைக் கும்பிட்டார் என்பது இந்தக் கோயிலின் தலபுராணம். அவர் கொடுத்த வேலையைத்தானே செய்தார்? அதற்கே பாவம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹெச்.ஆர். துறையில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து போகலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு விசுவாசமே இல்லை. இங்கே சேர்றான், அங்கே சம்பளம் கூடன்னா ஓடிடறான். மூணு ஆஃபரைக் கையில் வச்சுக்கிட்டு பேரம் பேசறான்." மேனேஜர்கள் சொல்கிறார்கள், கல்லூரியில் பிளேஸ்மெண்ட் அதிகாரி சொல்கிறார், வீட்டில் மாமா சொல்கிறார். பாதி உண்மைதான். பையன் பேரம் பேசுகிறான், பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய மிக்ஸிக்குப் பேசுகிற மாதிரியே பேசுகிறான். அந்தச் சந்தையைக் கட்டி, கடை போட்டு, வாடகை வசூலிப்பது யார் என்பதுதான் கேள்வி.

முதலில் பையனின் எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். பொழிச்சலூரில் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் தலைக்கு மேலே விமானம் போகும். அந்தச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு 'ஆன்சைட்' என்ற வார்த்தையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்விக் கடன் வங்கியில் இருக்கிறது. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் தெருவில் இருக்கிறது. புதிதாகச் சேர்பவருக்கு பெரிய கம்பெனிகள் கொடுப்பதோ ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம். பத்து வருஷத்துக்கும் மேலாக அந்தத் தொகை நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. வாடகை மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. உள்ளேயே இருந்தால் சம்பளம் ஊர்ந்துதான் ஏறும், வெளியே தாவினால் குதித்து ஏறும். இந்தக் கணக்கை பையன் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே இருப்பவனுக்குக் குறைவாகவும் வெளியிலிருந்து வருபவனுக்கு அதிகமாகவும் கொடுத்து, கம்பெனிகளே சொல்லிக்கொடுத்த கணக்கு.

இப்போது கம்பெனி பக்கம். அங்கே இதற்குப் பெயர் 'அட்ரிஷன் ரிஸ்க்'. பயப்படக் காரணம் இல்லாமலில்லை. 2022 ஜனவரி-மார்ச் காலாண்டு முடிவில் இன்ஃபோசிஸ் அறிவித்த ஓராண்டு அட்ரிஷன் 27.7 சதவீதம். நாலு பேரில் ஒருவருக்கு மேல் கிளம்பிவிட்டார்கள். வாடிக்கையாளரிடம் தலைக்கு இவ்வளவு என்று பில் போடுகிற தொழிலில் ஒரு தலை குறைந்தால் பில் நிற்கும். அதனால் என்ன செய்தார்கள்? ஆள் ஏன் போகிறான் என்று கேட்பதைவிட, கதவைக் கனமாக்குவது சுலபம். 90 நாள் நோட்டீஸ். முன்னாடியே போனால் சம்பளத்தைக் கட்டு. இல்லாவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடையாது. சில சின்னக் கம்பெனிகளில் ஒரிஜினல் மார்க் ஷீட்டையே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள் (அடகுக் கடையில் கூட ரசீது கொடுப்பார்கள்).

இந்த 90 நாள் என்ன செய்கிறது என்று மெதுவாகப் பார்த்தால்தான் வேடிக்கை புரியும். புதுக் கம்பெனி 'உடனே சேரக்கூடியவர்' வேண்டும் என்று விளம்பரம் செய்கிறது. ஆக, வேலையை விட்டால்தான் வேலை. பையன் கையில் சுமாரான ஒரு ஆஃபரை வாங்கிக்கொண்டு பேப்பர் போடுகிறான். அதற்கப்புறம் 90 நாள் இருக்கிறது. கே.டி. கொடுப்பது இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். பிடுங்க ஆணி இல்லை. என்ன செய்வான்? அந்த ஆஃபரைக் காட்டி இரண்டாவது வாங்குகிறான், இரண்டாவதைக் காட்டி மூன்றாவது. கடைசி நாளில் முதல் கம்பெனியின் ஃபோனை எடுப்பதில்லை. அந்தக் கம்பெனிக்கோ, யார் வருவான் யார் வரமாட்டான் என்று தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று பத்து இடத்துக்குப் பதினைந்து ஆஃபர் கொடுக்கிறது. பதினைந்து பேரும் வந்து நின்றால் "சேரும் தேதி பிறகு அறிவிக்கப்படும்" என்று மெயில் அனுப்புகிறது. அந்த மெயிலை ஒருமுறை வாங்கியவன் வாழ்நாளில் ஒற்றை ஆஃபரை நம்பி இருப்பானா? அவன் தம்பி இருப்பானா? நாற்பது நாளில் முடிய வேண்டிய ஒரு பிரிவை மூன்று மாசத்துக்கு இழுத்ததால் வந்த வினை இது. ரிஸ்க்கைக் குறைக்கப் போட்ட விதி, அந்த ரிஸ்க்கையே உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. மற்ற எல்லாக் கம்பெனியும் இதையே செய்வதால் தனியாக விதியைத் தளர்த்த எவருக்கும் தைரியமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-ஐப் புரட்டினால், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை அனுப்ப நியாயமான காரணம் வேண்டும், கூடவே ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ வேண்டும் என்கிறது. ஒரே ஒரு மாதம். ஆயிரக்கணக்கான ஊழியர்களும் வக்கீல் படையும் உள்ள கம்பெனிக்குச் சட்டம் போடுவது ஒரு மாதக் கடமை. பி.ஜி.யில் இரண்டு பேரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் 23 வயதுப் பையனிடம் அதே கம்பெனி கேட்பது மூன்று மாதம். இதில் விசுவாசம் யாருக்கு இல்லை?

வாக்குத் தவறுவதைப் பற்றியும் பேசிவிடலாம். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆஃபர் கொடுத்துப் பல மாதம் காக்க வைத்திருந்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. கிட்டத்தட்டப் பாதி! இன்ஃபோசிஸில் 2022-ல் ஆஃபர் வாங்கிய ஒரு பகுதியினர் 2024-ல்தான் உள்ளே போனார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் 2025 பிப்ரவரியில், உள் தேர்வில் தேறவில்லை என்று மைசூரிலிருந்து அனுப்பப்பட்டார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. இதற்கெல்லாம் 'வணிகச் சூழல்' என்று ஒரு சொல் இருக்கிறது. பையன் கடைசி நாளில் ஃபோனை எடுக்காவிட்டால் மட்டும் அதன் பெயர் ஒழுக்கக்கேடு. பையன் செய்வது சரி என்று சொல்ல வரவில்லை. அவன் ஏமாற்றுவது பெரும்பாலும் கம்பெனியை அல்ல, அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு பையனை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாண்டுக்காரர்கள் இப்போது ஒரு தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. சரிதான். ஆனால் நீதிமன்றம் சொன்ன காரணத்தையும் படிக்க வேண்டும். பொதுத்துறை வங்கி நினைத்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்க முடியாது, விளம்பரம் கொடுத்துத் திறந்த போட்டி நடத்தி ஆள் எடுக்க வேண்டும், அதற்குச் செலவும் காலமும் ஆகும் என்பது அதில் முக்கியமானது. நிபந்தனையும் வேலை அறிவிப்பிலேயே இருந்தது, தெரிந்தேதான் விண்ணப்பித்தார்கள். சேர்ந்த அன்றைக்கு நாற்பது பக்கத்தை நீட்டி "எல்லாத்துலயும் ஒரு கையெழுத்து போடுங்க தம்பி" என்பதும் இதுவும் ஒன்றா?

இது வரைக்கும் சொன்னது பணக் கணக்கு. இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. போகிறவனைப் பற்றியே பயந்துகொண்டிருக்கும் கம்பெனி, இருக்கிறவன் என்ன ஆகிறான் என்று பார்ப்பதில்லை. அவனுக்கும் எதிர்பார்ப்பு உண்டு. ரேட்டிங், பிரமோஷன், விசா. மூன்றும் ஒரே மேனேஜர் கையில். கோடு உடையப் போகிறது, சொன்ன தேதியில் முடியாது என்று தெரிந்தும் வாராந்திர அறிக்கையில் பச்சை நிறத்தையே அடித்து அனுப்புகிறான். சிவப்பு அடித்தால் கேள்வி அவனிடம்தான் வரும். பச்சை அடித்துவிட்டு ஆறு மாசத்தில் வேறு பிராஜக்டுக்குப் போய்விட்டால் கேள்வி அடுத்தவனுக்கு. கதவைக் கனமாக்கியதில் ஆள் உள்ளே இருக்கிறான், வாய் மட்டும் மூடிவிட்டது.

வாய் மூடினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ். பெயரைப் பாருங்கள்! சுமார் 53,000 ஊழியர்கள், சென்னையிலும் அலுவலகம். 2008-ல் சிறந்த கம்பெனி நிர்வாகத்துக்காகத் தங்க மயில் விருது வேறு வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார்: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் கிடையாது. விருதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் போலி இன்வாய்ஸ்கள், போலி வைப்பு நிதி ரசீதுகள் என்று பிறகு வெளியே வந்தது. இதெல்லாம் 53,000 பேருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஒரு தலைவர் தனியாக உட்கார்ந்து இத்தனை இன்வாய்ஸ் அடிக்கவும் முடியாது. 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்த 10 பேரில் ராஜுவின் சகோதரர்களும் வெளித் தணிக்கையாளர்களும் மட்டுமில்லை. நிதித் துறை ஊழியர்களும், உள் தணிக்கையின் தலைவரும் இருந்தார்கள். (அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.) உள் தணிக்கை என்றால் கம்பெனியின் காவல்காரன். மாசச் சம்பளக்காரன். அவனுக்கும் ஒரு பிரமோஷன், ஒரு வீட்டுக் கடன்.

2008 டிசம்பரில் சத்யத்தின் இயக்குநர் ஒருவருக்கு உள்ளே நடப்பதைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் தன் பெயரை மறைத்துக்கொண்டுதான் எழுதினார். அந்தக் கம்பெனியில் உண்மை பேசுவதற்கு இருந்த வழி அவ்வளவுதான். ரிஸ்க் கமிட்டி, இணக்கக் கையேடு, வருஷா வருஷம் ஆன்லைனில் 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' என்று அழுத்தி முடிக்கும் ஒழுக்கப் பயிற்சி எல்லாம் எந்தக் கம்பெனியிலும் இருக்கும். வாயைத் திறந்தவனின் ரேட்டிங் அடுத்த ஏப்ரலில் என்ன ஆனது என்று மட்டும் எந்தக் கையேட்டிலும் இருக்காது.

திறந்தவர்களும் இருக்கிறார்கள். 2015 ஜனவரியில் டி.சி.எஸ். பணிநீக்கம் செய்த ஒரு கர்ப்பிணிப் பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது, கம்பெனி உத்தரவைத் திரும்பப் பெற்றது. 2016-ல் தமிழ்நாடு அரசு, ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் வைத்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. பத்து வருஷம் ஆகிறது. தாம்பரம் மெப்ஸ் வாசலில் நின்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரியும் என்று.

கேம்பஸுக்கு கம்பெனிக்காரர்கள் வந்து ஸ்லைடு போட்டுக் காட்டி முடித்ததும் "எனி கொஸ்டின்ஸ்?" என்று மைக்கை நீட்டுவார்கள் அல்லவா? வழக்கமாக முதல் கேள்வி ஆன்சைட். இரண்டாவது, எந்த ஊரில் போஸ்டிங். "சார், நோட்டீஸ் எத்தனை நாள்? அதே கம்பெனி எங்களை அனுப்பினால் எத்தனை நாள்? ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி இருக்குமா?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டால் பிளேஸ்மெண்ட் அதிகாரி முதல் வரிசையிலிருந்து திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து மைக்கை அடுத்தவனிடம் கொடுக்கிறார்கள். அவன் ஆன்சைட் பற்றிக் கேட்கிறான்.