ரிட்டர்ன் டிக்கெட்

கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. சியாட்டிலிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ குழந்தையுடன் பெங்களூரில் வந்திறங்கும் மனைவி, மூன்று வார விடுமுறை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருப்பார். ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ அம்மா வீட்டில் பெட்டியைத் திறந்த பிறகுதான் திரும்பிப் போவதில்லை என்ற முடிவு வெளியே வரும். கணவனின் அடி உதை, வேறு உறவு, பேச்சே நின்றுபோன வீடு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சில சமயம் குழந்தையோடு வந்து இறங்குபவர் அப்பா. ரிட்டர்ன் டிக்கெட்டின் தேதி தாண்டிய பிறகு வக்கீலைத் தேடிப் போகிறார்கள். சொந்த ஊர், சொந்த கோர்ட், இனி என்ன பயம் என்ற தைரியம் முகத்தில் தெரியும்.

அந்தத் தைரியத்தைக் கலைப்பதுதான் வக்கீலின் முதல் வேலை. விஷயம் தெரிந்தவர்கள் 'கணவர் என்ன செய்தார்?' என்று ஆரம்பிப்பதில்லை. குழந்தை எங்கே பிறந்தது, கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட், இங்கே வந்து எத்தனை நாள், அங்கே யாராவது வழக்குப் போட்டாயிற்றா என்பவைதான் முதல் கேள்விகள். ஜாதகம் பார்ப்பது போலத்தான். இந்த நான்கு பதில்களில் பாதி வழக்கு முடிந்துவிடும்.

காரணம், இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. நாடு விட்டு நாடு கொண்டுபோகப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்டக் கமிஷன் 2009-ல் தன் 218-வது அறிக்கையில் சொன்னது. 2016-ல் 263-வது அறிக்கையில் மசோதாவைத் திருத்தியும் கொடுத்தது. நீதிபதி ராஜேஷ் பிந்தல் தலைமையிலான குழு 2018-ல் இன்னொரு அறிக்கை தந்தது. அறிக்கைகளுக்குக் குறைவில்லை. தப்பி வரும் மனைவிகளைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்புவதாகிவிடும் என்ற எதிர்ப்பு பலமானது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஆகவே எல்லாம் நீதிபதிகள் எழுதிய தீர்ப்புகளில்தான் கிடக்கிறது. அவை ஊஞ்சல் மாதிரி ஆடியிருக்கின்றன. 1984-ல் இங்கிலாந்திலிருந்தும், 1986-ல் அமெரிக்காவிலிருந்தும் வந்த வழக்குகளில் குழந்தையைத் தூக்கிவந்தவர்கள் தந்தைகள். துரத்தி வந்தவர்கள் தாய்கள். உச்ச நீதிமன்றம் இரண்டிலும் தாயின் பக்கம் நின்றது. வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு மரியாதை தர வேண்டும் என்ற வாதம் அன்று மனைவிகளுக்குத் துணை. பிறகு காட்சி மாறியது. 2009-ல் நியூயார்க் நீதிமன்ற உத்தரவை மீறிக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனை சி.பி.ஐ. சென்னையில் கண்டுபிடித்து டெல்லிக்குக் கொண்டுபோனது. தாயின் எதிர்ப்பை மீறி அவனை அமெரிக்காவுக்கு அனுப்ப உத்தரவாயிற்று. 2015-ல் கோவைக்கு வந்துவிட்ட ஒரு தாயின் இரண்டு மகள்களை இங்கிலாந்துக்கு அனுப்பச் சொன்னது சூர்யவதனன் தீர்ப்பு. முதலில் எந்த நாட்டு நீதிமன்றம் உத்தரவு போட்டதோ அதற்கே முன்னுரிமை என்றது அது.

இரண்டே ஆண்டுகளில், 2017 ஜூலையில், மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த முன்னுரிமையை நிராகரித்தது. நித்யா ஆனந்த் ராகவன் வழக்கு என்று வக்கீல்கள் சொல்லும் அந்தத் தீர்ப்பின்படி வெளிநாட்டு உத்தரவு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் பல அம்சங்களில் ஒன்று மட்டுமே. குழந்தையின் நலன்தான் பிரதானம். பெற்ற தாயிடம் இருக்கும் குழந்தை சட்டவிரோதக் காவலில் இருப்பதாக எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. தாய்களின் வக்கீல்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்தப் பெருமூச்சு பாதியில் நின்றது பெங்களூர் வழக்கு ஒன்றில். 2022 ஜூலை 29-ல் வந்த ரோஹித் தம்மண்ண கவுடா தீர்ப்பை இந்த ஊர் குடும்ப வக்கீல் யாரும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த, அமெரிக்கக் குடிமகனான சிறுவன் 2020 மார்ச்சில், ஒன்பது வயதில், தாயுடன் பெங்களூருக்கு வந்தான். வாஷிங்டன் மாநில நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாக உத்தரவிட்டது. தந்தை கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். சிறுவனிடம் பேசிப் பார்த்த உயர் நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் ஏ.எம். கான்வில்கர், சி.டி. ரவிகுமார் அமர்வு அதை மாற்றி, அவனை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது. குழந்தையின் விருப்பத்தைக் குழந்தையிடம் பேசித் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதன் நலன் எதில் என்பதை எல்லாச் சூழ்நிலைகளையும் பார்த்து நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

2017 தீர்ப்பை எழுதியவரும் இதே கான்வில்கர்தான். அதனால் இரண்டும் முரண் என்று சொல்லித் தப்ப முடியாது. அங்கே டெல்லியில் பிறந்த, உடல்நலக் குறைவுள்ள சிறுமி. இங்கே ஒன்பது வயது வரை அமெரிக்க மண்ணில் வேர் விட்ட சிறுவன். சட்டம் மாறவில்லை, குழந்தை மாறியது.

வேர் என்ற இந்தச் சொல்லில்தான் வக்கீலின் சங்கடம் இருக்கிறது. மூன்று வாரம் முன் வந்த குழந்தைக்கு இங்கே வேர் கிடையாது. மூன்று வருடம் பள்ளிக்குப் போய், கன்னடம் பேசி, தாத்தா பாட்டியோடு ஒட்டிக்கொண்ட குழந்தையைப் பிடுங்கி அனுப்ப எந்த நீதிபதிக்கும் மனம் வராது. பிறந்து சில வாரங்களில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பையன் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் தாயிடமே வளர்ந்துவிட்ட வழக்கில், 1997-ல் உச்ச நீதிமன்றம் அவனைத் தாயிடமே விட்டது. எனவே வாய்தா வாங்குவதே வாதமாகிவிடும். வக்கீலுக்கு ஜுரம், பதில் மனுவுக்கு அவகாசம், மத்தியஸ்தத்துக்கு இன்னும் நான்கு சிட்டிங். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கும் வக்கீல்கள் உண்டு. ஆனால் 2022 வழக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய பிறகும் குழந்தை திரும்பத்தான் வேண்டியிருந்தது. அதற்குள் அவன் இரண்டாவது முறை இடம் பெயர்க்கப்பட்டான்.

தாமதம் எப்படியெல்லாம் வரும் என்பதற்கு இன்னொரு பெங்களூர் வழக்கு. நியூ ஜெர்சிக்குப் போக வேண்டிய குழந்தை விஷயத்தில், கொரோனா காலத்தில் உயர் நீதிமன்றம் ஒரு நிபந்தனை வைத்தது. பயணத்துக்குச் சூழ்நிலை உகந்தது என்று இங்குள்ள சுகாதார அதிகாரியும், அமெரிக்க அதிகாரியும் சான்று தர வேண்டுமாம். எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது.

தாயின் வக்கீலுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வந்தவுடன் குடும்ப நீதிமன்றத்தில் ஒரு மனு, குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒன்று, பழைய 498-ஏ, அதாவது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு, அதில் ஒரு புகார் என்று அடுக்கிவிடுவது. 1890-ம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 9-வது பிரிவோ, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறது என்று கேட்கிறது. போன மாதம் வந்த குழந்தை ஜெயநகரில் வழக்கமாக வசிக்கிறது என்று வாதிட நிறையத் துணிச்சல் வேண்டும். ஆட்கொணர்வு மனு வந்துவிட்டால் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலங்களை வைத்தே முடிவு செய்யும். சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை கிடையாது. அடி வாங்கிய மனைவி அழுதால் போதாது. அங்கே போலீசை அழைத்ததற்கான பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பாதுகாப்பு உத்தரவு எல்லாம் வேண்டும். அவை கடல் தாண்டிக் கிடக்கும். முதல் வாரத்திலேயே வரவழைக்காத வக்கீல் பிறகு வருந்துவார்.

அமெரிக்க சம்மனைக் குப்பைக் கூடையில் போடச் சொல்வது அதைவிட மோசம். அங்கே ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும். அங்கே போய் வாதாடினால் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதாகும் என்ற பயமும் நியாயமானதே. 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பென்சில்வேனியா வழக்கில், தாய் தானே முதலில் அங்கே மனுப் போட்டுவிட்டு இந்தியா வந்தது அவருக்கு எதிராகத்தான் போயிற்று. அங்குள்ள ஒரு வக்கீலிடம் பேசாமல் எந்தப் பக்கமும் கால் வைக்கக் கூடாது. தவிர, பெற்றோரே குழந்தையைக் கடத்துவது 1993-ம் ஆண்டு முதல் அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை. குழந்தையோடு திரும்பிப் போகத் தயாராகும் தாய்க்கு விமான நிலையத்திலேயே கைது காத்திருக்கலாம்.

கணவனின் வக்கீலுக்கு இங்கேதான் வேலை. புகாரை வாபஸ் பெறும் உறுதி, தனி வீடு, வாழ்க்கைச் செலவு, அங்கே வழக்காட ஒரு வக்கீல் ஆகியவற்றை எழுத்தில் தந்தால் நீதிபதியின் மனம் பாதி இளகும். வாய் வார்த்தையை நம்புவதற்கில்லை. கென்யாவுக்கு ஒரு குழந்தையை அனுப்ப 2020-ல் அனுமதித்த உச்ச நீதிமன்றம், அதே உத்தரவை அந்நாட்டு நீதிமன்றத்திலும் பெற்றுவரச் சொன்னது. தந்தை ஏமாற்றிவிட்டதாகக் கண்டு 2021-ல் தன் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. குழந்தை அதற்குள் போய்விட்டிருந்தது.

பெரும்பாலான வழக்குகள் கடைசியில் வந்து நிற்பது சித்தையா சாலையிலுள்ள நியாய தேகுலாவில், 2007 முதல் இயங்கும் மத்தியஸ்த மையத்தின் மேஜைகளில். உடனிராத பெற்றோர் வீடியோவிலாவது குழந்தையோடு பேச வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் வற்புறுத்தியது. 'வாரம் இரு முறை வீடியோ அழைப்பு' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது சுலபம். சியாட்டிலில் ஞாயிறு இரவு எட்டரை என்றால் பெங்களூரில் திங்கள் காலை ஒன்பது; குழந்தை பள்ளியில் இருக்கும். நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள்; இங்கே பத்தாகிவிடும். எந்த நாட்டு மணி, அழைப்பு தவறினால் மாற்று நாள் எது, பேசும்போது அறையில் யார் இருக்கலாம் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதும் வக்கீல், அடுத்த மாதம் அவமதிப்பு மனுவோடு அதே படியேற வேண்டியிருக்காது.