பட்டாளத்துத் தாத்தா
(இரண்டாமாண்டு இளம் அறிவியல் மாணவன்)

சென்ற கோடையில் எங்கள் தெருப் பட்டாளத்துத் தாத்தா காலமானார். மாலையிட்டு வைத்த படத்தில் இராணுவ உடையில் இருந்தார். 1971 போர்க்காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். அதில் எனக்கும் பெருமையே. ஆனால் பட்டாளத்தில் அவர் கழித்தது 15 ஆண்டுகள்; பிறகு தீயணைப்பு நிலையத்தில் 20 ஆண்டுகளுக்கும் மேல். அந்த உடையில் ஒரு படம்கூட வீட்டில் இல்லை!

நம் தஞ்சைத் தரணியில் கீற்று வீடும் வைக்கோற்போரும் பற்றுவது கோடையில் அதிகம். அப்போது காவிரி வெறும் மணல். மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12 அன்றோ? வண்டியில் வரும் தண்ணீர் சில நிமிடங்களுக்கே. ஆகவே எந்த ஊரில் எந்தக் குளத்தில் தண்ணீர் கிடக்கிறதென்பது தாத்தாவுக்கு மனப்பாடம். அந்தக் குளங்களில் எத்தனையை நாம் தூர்த்துவிட்டோம்!

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அங்கு விரைந்தவர்களில் அவரும் ஒருவர். போர்க்கதையை விடிய விடியச் சொல்பவர், இதைக் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். இரண்டு முறை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஏப்ரல் 14 சித்திரைத் திருநாள், அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் என்பது யாவரும் அறிந்ததே. 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அதனால் அது தீத்தொண்டு நாளும் ஆகும். அன்று நாம் மாணவர்களாகத் திரண்டு, நிலையத்துக்குச் சென்று ஒரு வணக்கம் சொன்னால் என்ன? விடுமுறையாயிற்றே என்பர் நண்பர்கள். நான் போகப்போகிறேன்.