கொல்கத்தா ஏன் சுருங்கியது? ஒரு ரயில் கட்டணத்தின் கதை

பெங்களூரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். இந்தியாவின் ஒரு பெருநகரத்தில் மக்கள்தொகை குறைந்திருக்கிறது. கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் 2001-இல் சுமார் 45.7 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் 45 லட்சத்துக்கும் கொஞ்சம் கீழே.

“எல்லாரும் புறநகருக்குப் போயிருப்பாங்க” என்று தோன்றலாம். பாதி உண்மை. ஆனால் ஹவுரா உள்ளிட்ட மொத்தப் பெருநகரப் பகுதியும் அந்தப் பத்தாண்டில் 1.32 கோடியிலிருந்து 1.41 கோடியாகத்தான் வளர்ந்தது. நாட்டின் நகர்ப்புற மக்கள்தொகை 30 சதவீதத்துக்கும் மேல் கூடிய காலம் அது.

காரணம் பழசு. 1911-இல் தலைநகரம் டெல்லிக்குப் போனது முதல் அடி. 1947 பிரிவினையில் சணல் விளையும் நிலம் பெரும்பாலும் கிழக்கு பாகிஸ்தானுக்குப் போக, ஆலைகள் மட்டும் ஹூக்ளி கரையில் நின்றன. இவை பாடப்புத்தகத்திலேயே இருப்பவை. அதிகம் பேசப்படாதது 1950-களில் வந்த சரக்குக் கட்டணச் சமன்பாடு.

விஷயம் எளிமையானது. ஜாம்ஷெட்பூர் எஃகு பக்கத்தில் இருக்கும் ஹவுராவுக்கும், தொலைவில் இருக்கும் மும்பைக்கும் ஒரே விலை. தூரத்துக்கான ரயில் செலவை எல்லா வாடிக்கையாளர்கள் தலையிலும் பொதுவாகப் பிரித்துவிட்டார்கள். தொழில் நாடு முழுக்கப் பரவட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் ‘கிழக்கின் ஷெஃபீல்டு’ எனப்பட்ட ஹவுராவின் பட்டறைகளுக்கு இருந்த பெரிய அனுகூலமே எஃகு பக்கத்தில் கிடைத்ததுதான். அது போச்சு. மேற்கில் விளையும் பருத்திக்கு இதே சலுகை தரப்படவில்லை என்பது வங்காளத்தின் நெடுநாள் ஆதங்கம், நியாயமானதும்கூட. லாபமடைந்த மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு என்பதை நாம் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

கேரோ போராட்டங்கள், கதவடைப்புகள், 1960-களின் நடுவில் ரயில்வே வேகன் ஆர்டர்களைக் குறைத்தது என மற்ற அடிகளும் சேர்ந்தன. எல்லாப் பழியையும் ஒரே கொள்கை மேல் போட முடியாது. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவின் 2024 ஆய்வறிக்கைப்படி, நாட்டின் ஜிடிபியில் மேற்கு வங்கத்தின் பங்கு 1960-61-இல் 10.5%. 2023-24-இல் 5.6%.

எஃகுக்கான சமன்பாடு 1990-களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. பிறகும் தொழில்கள் ஏன் திரும்பவில்லை? அதற்குள் உதிரிபாகக் கடைக்காரர், ஃபிட்டர், கடன் தரும் வங்கிக் கிளை எல்லாமே புனே, சென்னைப் பக்கம் வேர் விட்டிருந்தன. விலை சரியானதும் ஆலை நகர்ந்துவிடாது. பழகிய ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் அடுத்த ஆலையும் வரும்.

இப்போது சிப் ஆலைகளைப் பாருங்க. திட்டச் செலவில் பாதியை மத்திய அரசே தருகிறது. 2024 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற மூன்று ஆலைகளில் இரண்டு குஜராத்துக்கு, ஒன்று அசாமுக்கு. ரசாயனம், வாயு, பராமரிப்பு எனத் துணைத் தொழில்கள் இனிமேல்தான் இடம் தேடும். ஒரகடத்திலோ ஓசூரிலோ வேலை பார்க்கிறவங்க அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயர்களையும் கவனிப்பது நல்லது.